மைதானத்துப் புல்லுக்கு நீர் வார்க்கும் சூதாட்டப் பணம்

பல நாடுகளில் சூதாட்ட இயந்திரங்கள் கேசினோ எனப்படும் பெரிய சூதாட்ட விடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடக்க, ஆஸ்திரேலியாவில் அவை பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக் கடைக்கும் இடையே, குடும்பத்தோடு சாப்பிடப் போகும் உறுப்பினர் கிளப்புகளின் உள்ளறைகளிலும் தெருமுனை மதுவிடுதிகளிலும் வைக்கப்பட்டுள்ளன. 'போக்கீஸ்' என்று அந்நாட்டு மக்கள் சுருக்கமாக அழைக்கும் இந்த இயந்திரங்களில் விழும் பணத்தைக் கொண்டுதான் அங்குள்ள பல ரக்பி அணிகளும் கால்பந்து அணிகளும் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கின்றன, சிறுவர் அணிகளுக்குச் சீருடை வாங்குகின்றன, மைதானத்துப் புல்லைப் பராமரிக்கின்றன. 2018-19ஆம் ஆண்டில் எல்லா வகைச் சூதாட்டத்திலும் சேர்த்து ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ 2,500 கோடி டாலரை இழந்தனர். தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் உலகிலேயே இதுதான் மிக அதிகம், அதில் பெரும்பங்கு இந்த இயந்திரங்களுக்கே போனது. விளையாட்டை வளர்க்கும் பொறுப்பும் சூதாட்டத்தை நடத்தும் தொழிலும் ஒரே நிர்வாகக் குழுவின் கையில் சேர்ந்தது எப்படி, அதனால் சுற்றியிருக்கும் குடும்பங்களுக்கு நேர்ந்தது என்ன, அந்தப் பிணைப்பை அறுப்பது ஏன் இவ்வளவு கடினமாயிற்று என்பவை பிற நாட்டவரும் அறிய வேண்டிய செய்திகள்.

இதன் தொடக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே முன்னாள் படைவீரர் சங்கங்களும், ரக்பி லீக் அணிகளைச் சார்ந்த 'லீக்ஸ் கிளப்'புகளும், தொழிலாளர் மன்றங்களும் பெருகின. உறுப்பினர்கள் சந்தா கட்டி நடத்தும், பங்குதாரர்களுக்கு இலாபம் பிரித்துக் கொடுக்காத அமைப்புகள் இவை. சட்டத்தில் இடமில்லாவிட்டாலும் சூதாட்ட இயந்திரங்கள் இக்கிளப்புகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன, அதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தனர். ஜோசப் கேஹிலின் தொழிற்கட்சி அரசு 1956இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, பதிவுபெற்ற கிளப்புகளுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தது. இலாபம் தனியார் பைக்குள் போகாமல் உறுப்பினர் நலனுக்கே திரும்பும் என்பதுதான் அன்று சொல்லப்பட்ட நியாயம். மதுவிடுதிகளில் இதே இயந்திரங்களை வைக்க 1997 வரை அனுமதி கிடைக்காததால், அந்த நாற்பதாண்டுத் தனியுரிமையில் பல கிளப்புகள் உணவகம், நீச்சல் குளம், கலையரங்கம், பலமாடி வாகன நிறுத்தம் என்று பெரும் வணிக வளாகங்களாகவே வளர்ந்துவிட்டன. கேன்டர்பரி, பராமட்டா, பென்ரித் ஆகிய ரக்பி அணிகளுக்குப் பின்னால் நின்று கைகொடுப்பவை இத்தகைய லீக்ஸ் கிளப்புகளே.

விக்டோரியா மாநிலம் 1991 வரை இதற்கு இணங்கவில்லை. மெல்பர்ன் நகரிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் மறி ஆற்றைக் கடந்து, அக்கரையிலிருந்த நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் பணத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். மாநில வங்கி நொடித்ததால் அரசின் கருவூலமும் வறண்டிருந்தது. ஜோன் கிர்னரின் அரசு அந்த நெருக்கடியில் இயந்திரங்களுக்கு அனுமதி வழங்கியது. விளையாட்டு வளரவேண்டும் என்ற விருப்பத்தைவிட, வரி வருவாய் வேண்டும் என்ற தேவையே அந்த முடிவுக்குப் பின்னால் பலமாக இருந்தது என்பதை மறக்கலாகாது. ஏனெனில், கிளப்பைப் போலவே மாநில அரசும் இந்த வருவாய்க்கு அன்றிலிருந்து பழகிவிட்டது.

இன்று நியூ சவுத் வேல்ஸில் மட்டும் சுமார் 87,000 இயந்திரங்கள் உள்ளன. ஏறத்தாழ 95 பேருக்கு ஒன்று என்ற கணக்கு. அவற்றில் முக்கால் பங்கு கிளப்புகளிலும் எஞ்சியவை மதுவிடுதிகளிலும் இருக்கின்றன. அவற்றின் முன் அமர்பவர்கள் இழக்கும் தொகை ஆண்டுக்கு 800 கோடி டாலரைத் தாண்டுகிறது. விக்டோரியாவில் 2022-23இல் அது 300 கோடி டாலருக்குச் சற்று மேல்.

இந்த இயந்திரம் இயங்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்காமல் இந்தத் தொகைகளின் பொருள் புரியாது. பழைய இயந்திரத்தில் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழன்று நிற்கும். இன்றைய இயந்திரம் ஒரு கணினி. பொத்தானை அழுத்திய அக்கணமே உள்ளிருக்கும் நிரல் எழுந்தமானமாக ஓர் எண்ணைத் தேர்ந்து முடிவைத் தீர்மானித்துவிடுகிறது; திரையில் சுழல்வது அம்முடிவைக் காட்டும் காட்சி மட்டுமே. ஆடுபவரின் திறமைக்கோ அனுபவத்துக்கோ அங்கே வேலையில்லை. வைக்கப்படும் பணத்தில் எத்தனை விழுக்காடு பரிசாகத் திரும்ப வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது: விக்டோரியாவில் குறைந்தது 87, நியூ சவுத் வேல்ஸில் 85. நூறு டாலரோடு போனால் 87 டாலரோடு வீடு திரும்பலாம் என்று இதைப் புரிந்துகொள்வோர் பலர். அந்தக் கணக்குத் தவறு. அந்த விழுக்காடு ஒவ்வொரு சுழற்சிக்கும் உரியது. 90 விழுக்காடு திருப்பித் தரும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டாலும், நூறு டாலர் ஒருமுறை சுற்றிவந்தால் சராசரியாக 90 ஆகும், அதையே மீண்டும் வைத்தால் 81 ஆகும், பத்தாவது சுற்றின் முடிவில் 35 டாலர்தான் மிஞ்சும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு டாலர் வைத்து ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் 720 டாலரைச் சுழலவிட்டுச் சராசரியாக 72 டாலரை இழக்கிறார். நியூ சவுத் வேல்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவான பத்து டாலரை வைத்து அதே வேகத்தில் ஆடினால் அந்த ஒரு மணி நேர இழப்பு 720 டாலர்.

இழப்பை வெற்றி போலக் காட்டும் ஏற்பாடும் அதற்குள் உண்டு. ஒரே சுழற்சியில் ஐம்பது வரிகளுக்குத் தலா இரண்டு சென்ட் வீதம் ஒரு டாலர் வைக்கும் ஒருவருக்கு, ஏதோ ஒரு வரியில் முப்பது சென்ட் விழுந்தால், உண்மையில் அவர் எழுபது சென்ட் இழந்திருக்கிறார். இயந்திரமோ விளக்குகளை மின்னவிட்டு, இசை முழக்கி, வென்றவரைப் பாராட்டுவது போல் பாராட்டுகிறது. 'வெற்றி வேடமிட்ட இழப்பு' என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர். பெரும்பரிசுக்குரிய சின்னம் வரிசைக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ வந்து நிற்கும் 'மயிரிழைத் தவறல்' இன்னொன்று. நேரம் போவதும் பணம் போவதும் மறந்து, ஆட்டம் தொடர்வது மட்டுமே நோக்கமாகிவிடும் ஒரு மயக்க நிலைக்கு மனிதரை இவை கொண்டுபோவதை, அமெரிக்க மானிடவியலாளர் நடாஷா டவ் ஷூல் லாஸ் வேகாஸ் நகரில் நீண்டகாலம் ஆராய்ந்து 2012இல் நூலாக வெளியிட்டார். ஆகவே மன உறுதி இல்லாதவர்தான் மாட்டிக்கொள்கிறார் என்ற பேச்சு பொருளின் வடிவமைப்பைப் பார்க்க மறுக்கும் பேச்சு.

பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் இதில் மையமான கேள்வி. பொருளாதாரக் கொள்கைகளை ஆராய்ந்து அரசுக்கு அறிவுரை கூறும் சட்டபூர்வ அமைப்பான உற்பத்தித் திறன் ஆணையம் 2010இல் அளித்த அறிக்கையின்படி, ஆஸ்திரேலியாவில் வயது வந்தோரில் வாரந்தோறும் இந்த இயந்திரங்களில் ஆடுபவர்கள் சுமார் 6 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் வாழ்க்கை சீர்குலையும் நிலையில் இருப்பவர்கள். இயந்திரங்களில் செலவாகும் மொத்தப் பணத்தில் சுமார் 40 விழுக்காடு இத்தகைய சிக்கலில் உள்ளவர்களிடமிருந்து வருவதாக ஆணையம் மதிப்பிட்டது. கணக்கிடும் முறைக்கேற்ப இம்மதிப்பு 22 முதல் 60 வரை மாறக்கூடும் என்றும் அது சொன்னது. மிகக் குறைந்த மதிப்பை எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வருகிறது. ஒரு கிளப்பின் இயந்திர வருவாயில் இவ்வளவு பெரிய பகுதி நோயுற்ற நிலையிலுள்ள சிலரிடமிருந்து வருகிறதென்றால், அவர்கள் குணமடைந்துவிட்டால் அந்தக் கிளப்பின் வரவு செலவில் ஓட்டை விழும். சூதாட்டத்தின் தீங்கைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தமும் விளையாட்டு அமைப்புகளுக்கு ஆபத்தாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். நிர்வாகிகள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதை விட, அவர்கள் அமர்ந்திருக்கும் ஏற்பாடே இதை நிர்ணயிக்கிறது.

இழப்பு எல்லா ஊர்களிலும் சமமாகப் பரவியிருக்கவும் இல்லை. சிட்னியில் ஃபேர்ஃபீல்டு, கேன்டர்பரி-பேங்க்ஸ்டவுன், மெல்பர்னில் பிரிம்பேங்க், கிரேட்டர் டேன்டினோங் என்று, வருமானம் குறைந்த, வெளிநாடுகளிலிருந்து குடியேறியோர் நிறைந்த உள்ளாட்சிப் பகுதிகளே இழப்புப் பட்டியலின் உச்சியில் தொடர்ந்து இடம்பெறுகின்றன. ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் குடியமர்ந்த டேன்டினோங் இந்தப் பட்டியலில் இருப்பதையும், தமிழ்க் கடைகளும் தமிழ்ப் பேச்சும் சாதாரணமாகிவிட்ட வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி ஆகிய சிட்னிப் புறநகர்களும் பெரிய கிளப்புகளுக்கு நடுவே அமைந்திருப்பதையும் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். புதிதாக வந்து சேர்ந்த ஒருவருக்குக் கிளப் என்பது குளிர்சாதன வசதியுள்ள, மலிவாகச் சாப்பாடு கிடைக்கும், பிள்ளைகள் விளையாட இடமுள்ள, யாரும் முகம் சுளிக்காத பொது இடம். அந்த நட்பார்ந்த வரவேற்பு உண்மையானதே. அதே கூரையின் கீழ்தான் இயந்திர அறையும் இருக்கிறது.

கிளப்புகளின் தரப்பு வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. ஊரில் வேறெவரும் கொடுக்காத பணத்தைச் சிறுவர் அணிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் உயிர்காப்புக் குழுக்களுக்கும் தாங்கள் கொடுப்பதாக அவை சொல்கின்றன, கொடுக்கவும் செய்கின்றன. ஆனால் எவ்வளவு கொடுக்கின்றன, அது யார் பணம் என்று பார்க்கும்போது படம் மாறுகிறது. நியூ சவுத் வேல்ஸில் 'கிளப் கிரான்ட்ஸ்' எனப்படும் நிதியுதவித் திட்டத்தின்படி, ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் இயந்திர இலாபம் ஈட்டும் கிளப், அந்த வரம்புக்கு மேற்பட்ட இலாபத்தில் 1.85 விழுக்காடு வரை சமூகப் பணிகளுக்குச் செலவிட்டால், அதே அளவு தொகை அதன் வரியில் தள்ளுபடியாகிறது. ஒரு கிளப்பின் இயந்திர இலாபம் ஆண்டுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் என்று கொண்டால், இவ்வகையில் அது வழங்க வேண்டியது 3 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அந்தத் தொகையும் அரசுக்குச் சேர வேண்டிய வரியிலிருந்து கழிவதால், உண்மையில் கொடுப்பவர் வரி செலுத்தும் பொதுமக்கள். சிறுவர்களின் சட்டையில் பொறிக்கப்படுவதோ கிளப்பின் சின்னம்.

விக்டோரியாவில் மதுவிடுதிகளைவிடக் கிளப்புகள் குறைந்த வரி கட்டுகின்றன; அதற்கு ஈடாக இயந்திர வருவாயில் குறைந்தது 8.33 விழுக்காட்டைச் சமூக நலனுக்குச் செலவிட்டதாக ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். நன்கொடைகள் அந்த அறிக்கையின் ஒரு பிரிவு மட்டுமே. கிளப் தன் ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளம், கட்டடப் பராமரிப்பு, அன்றாட நடப்புச் செலவு ஆகியவற்றையும் இன்னொரு பிரிவில் சமூக நலன் என்றே எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தன் கடையைத் திறந்து வைத்திருக்க ஆகும் செலவை ஊருக்குச் செய்த உதவி என்று ஒரு நிறுவனம் கணக்குக் காட்டுவதை ஏற்பது பொது நிதி நிர்வாகத்தின் குறைந்தபட்ச நேர்மைக்கும் பொருந்தாது. பெரிய கிளப்புகள் அனுபவிக்கும் வரிச்சலுகைகளின் அளவுக்கு அவை தரும் சமூகப் பயன் இல்லை என்று உற்பத்தித் திறன் ஆணையமும் 2010இல் தெளிவாகவே எழுதியது. ஒப்பீட்டுக்கு நியூசிலாந்தைப் பார்க்கலாம்: அங்கே மதுவிடுதிகளில் இயந்திரம் நடத்தும் அறக்கட்டளைகள் இயந்திர வருவாயில் குறைந்தது 40 விழுக்காட்டைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஏழைப் பகுதியில் திரண்ட பணம் வேறு பகுதியின் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறது என்ற குறை அங்கும் உண்டு.

நன்மை கண்ணுக்குத் தெரியும்படி, பெயர்ப்பலகையோடு வருகிறது. தீங்கு வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிகழ்கிறது. வாடகை நிலுவை, மறைத்து வாங்கிய கடன், பணியிடத்தில் கையாடல், மணமுறிவு, குடும்ப வன்முறை என்று அது பல பெயர்களில் பல அலுவலகங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடப்பதால், ஒரு கிளப்பின் கணக்கில் அது ஏறுவதே இல்லை. கட்டுப்பாடிழந்து ஆடும் ஒருவரால் சராசரியாக வேறு ஆறு பேர் பாதிக்கப்படுவதாக ஆஸ்திரேலிய ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. விக்டோரியாவில் 2009 முதல் 2016 வரை நிகழ்ந்த தற்கொலைகளின் மரண விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், குறைந்தது 184 சாவுகள் சூதாட்டத்தோடு தொடர்புடையவை என்று கண்டனர். மரணத்துக்குப் பின் சூதாட்டத்தைப் பற்றி விசாரிக்கும் வழக்கமே சீராக இல்லாததால் உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகமாக இருக்கவே வாய்ப்புண்டு. இத்தகைய நெருக்கடியில் இருப்பவரும் அவர் குடும்பத்தாரும் ஆஸ்திரேலியாவின் எந்தப் பகுதியிலிருந்தும் 1800 858 858 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி உதவி கேட்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் சீர்திருத்தம் நகராமல் போனதற்கு அரசியலில் விடை இருக்கிறது. 2010 தேர்தலுக்குப் பின் பெரும்பான்மை இழந்த பிரதமர் ஜூலியா கில்லார்டின் அரசு, டாஸ்மேனியாவின் சுயேச்சை உறுப்பினர் ஆண்ட்ரூ வில்கியின் ஆதரவைப் பெறுவதற்காக, ஆடத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தம் இழப்புக்கு உச்சவரம்பு குறித்துக்கொள்வதைக் கட்டாயமாக்க ஒப்புக்கொண்டது. கிளப்புகளின் கூட்டமைப்பு இந்த யோசனையே ஆஸ்திரேலியப் பண்புக்கு விரோதமானது என்று பெருஞ்செலவில் பிரசாரம் செய்து, ஆளுங்கட்சி குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதிகளைக் குறிவைத்தது. காலிங்வுட் கால்பந்து கிளப்பின் அன்றைய தலைவர் எடி மெக்வயர் இதைக் கால்பந்தின் மேல் விதிக்கும் வரி என்று சாடினார். 2012 ஜனவரியில் கில்லார்ட் வாக்கைக் கைவிட்டார், வில்கி ஆதரவை விலக்கிக்கொண்டார். பெரிதும் நீர்த்துப்போன வடிவில் நிறைவேறிய சட்டத்தையும் அடுத்து வந்த டோனி ஆபட்டின் அரசு 2014இல் நீக்கிவிட்டது. வார இறுதியில் தன் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரிடம், இந்தச் சட்டம் வந்தால் உங்கள் அணி இருக்காது என்று சொல்லும் வல்லமை வேறெந்தத் தொழிலுக்கும் இல்லை.

பத்தாண்டு கழித்து வேறொரு திசையிலிருந்து அழுத்தம் வந்தது. நியூ சவுத் வேல்ஸின் குற்றப்புலனாய்வு ஆணையம் 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, குற்றச் செயல்களில் ஈட்டிய பல நூறு கோடி டாலர் ரொக்கம் கிளப்புகளிலும் மதுவிடுதிகளிலும் உள்ள இயந்திரங்களுக்குள் போவதாகச் சொல்லி, ரொக்கத்துக்குப் பதில் அட்டையைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றுவதாக வாக்களித்த முதல்வர் டொமினிக் பெரோட்டே 2023 மார்ச் தேர்தலில் தோற்றார். அடுத்து வந்த கிறிஸ் மின்ஸ் அரசு சோதனை முயற்சியோடு தொடங்கி, புதிய இயந்திரங்களில் ஒரே நேரத்தில் செலுத்தக்கூடிய ரொக்கத்தை 5,000 டாலரிலிருந்து 500 டாலராகக் குறைத்தது. விக்டோரியா இன்னும் ஒரு படி மேலே சென்று, 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து காலை 4 மணி முதல் 10 மணி வரை கேசினோவுக்கு வெளியே எல்லா இயந்திர அறைகளையும் மூட ஆணையிட்டது.

இயந்திரப் பணம் இல்லாமல் விளையாட்டு பிழைக்காது என்ற அச்சத்துக்கு விடை ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பெர்த் நகரின் ஒரே கேசினோவுக்கு வெளியே இந்த இயந்திரங்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் அங்கே வெஸ்ட் கோஸ்ட், ஃப்ரீமேன்டில் என்ற இரு தேசிய அளவிலான கால்பந்து அணிகளும் ஊர்தோறும் உள்ளூர் அணிகளும் இயங்கி வருகின்றன. அரசே நடத்தும் லாட்டரியின் வருவாயிலிருந்து அங்குச் சமூக அமைப்புகளுக்கு நிதி செல்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதுவும் சூதாட்டமே என்றாலும், ஐந்து விநாடிக்கொருமுறை பணம் பறிக்கும் இயந்திரத்தின் தீங்கு லாட்டரிச் சீட்டில் இல்லை. விக்டோரியாவின் பெரிய கால்பந்து கிளப்புகளில் நார்த் மெல்பர்ன் 2008இல் இயந்திரங்களைக் கைவிட்டது. பணபலத்தில் அது சிறிய கிளப் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மெல்பர்ன், காலிங்வுட், வெஸ்டர்ன் புல்டாக்ஸ், ஜீலாங், ஹாத்தார்ன் ஆகியவையும் விலகின. அவற்றில் எதுவும் மூடப்படவில்லை. தொலைக்காட்சி உரிமப் பணமும் பெருநிறுவன ஆதரவும் கிடைக்கும் இவற்றின் நிலை வேறு, எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் பந்துருட்டு விளையாட்டுத் திடலையும் உணவகத்தையும் இயந்திர வருவாயால் தாக்குப்பிடிக்கச் செய்யும் சிறு கிளப்பின் நிலை வேறு. அத்தகையவற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு இடைக்கால நிதி கொடுக்காமல் இயந்திரங்களை எடுத்துவிடச் சொல்வது நியாயமாகாது.

இன்னொரு உண்மையும் உண்டு. ஒரு கால்பந்து கிளப் இயந்திரங்களிலிருந்து விலகினால் அதன் பெயர் தூய்மையாகிறது, இயந்திரங்கள் மறைவதில்லை. அவற்றை நடத்தும் உரிமை சந்தையில் விற்கக்கூடிய சொத்து என்பதால், வேறொரு நிறுவனம் அதை வாங்கி, பெரும்பாலும் அதே கட்டடத்தில், அதே மனிதர்களிடமிருந்து பணம் ஈட்டத் தொடங்குகிறது. ஆகவே கிளப்புகளின் மனச்சாட்சியை மட்டும் நம்பிப் பயனில்லை. விலகும் கிளப்பின் உரிமங்களை அரசே விலை கொடுத்து வாங்கி நிரந்தரமாக ரத்து செய்வதும், ஒரு சுழற்சிக்கு ஒரு டாலர் என்று உற்பத்தித் திறன் ஆணையம் 2010லேயே பரிந்துரைத்த உச்சவரம்பை விதிப்பதும், வரிச்சலுகையாகக் கிளப்புகள் வழியே சுற்றிவரும் பணத்தைச் சிறுவர் விளையாட்டுக்கு நேராக ஒதுக்குவதும் மாநில அரசுகள் மட்டுமே செய்யக்கூடியவை. விக்டோரியா அரசு 2017இல் எதிர்த்திசையில் ஒரு முடிவெடுத்தது: மாநிலத்தின் மொத்த இயந்திர எண்ணிக்கையை 27,372 என்ற உச்சவரம்போடு நிறுத்திவிட்டு, அதற்குட்பட்ட உரிமங்களை இருபது ஆண்டுகளுக்கு வழங்கியது. 2022இல் தொடங்கிய அந்த உரிமங்கள் 2042 வரை செல்லும்.